யுத்தம் திறந்துவிட்ட கதவு

சில மாதங்களுக்கு முன் ஒரு விழா மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து பேசினார். "திறமை இருந்தால் அதை யாராலும் தடுக்க முடியாது. ரோஸலின் யாலோவைப் பாருங்கள். ஏழை வீட்டுப் பெண்தான். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லையா?" சபை கை தட்டியது. நான் தட்டவில்லை. அது மரியாதையல்ல என்று பிறகு ஒரு நண்பர் கடிந்துகொண்டார். இருக்கட்டும். மேடையில் விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாள் 1921-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளியைக் காணாதவர்கள். 1941-ல் அவர் பௌதிகத்தில் பட்டம் பெற்றபோது உலகம் அவருக்குக் காட்டிய உத்தியோகம் என்ன தெரியுமா? கொலம்பியா சர்வகலாசாலையில் ஒரு விஞ்ஞானிக்குக் காரியதரிசி! அதற்கும் சுருக்கெழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. அந்தக் கொல்லைப்புற வழியாகவாவது மேல்படிப்புக்குள் நுழையலாம் என்றுதான் அவர் சம்மதித்தார்.

பிறகு இல்லினாய் சர்வகலாசாலை அழைத்தது. சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். ஏன் அழைத்தது? திறமையைக் கண்டா? இளைஞர்களை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள், இடம் காலியாயிற்று. இதை நான் கற்பனை செய்யவில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார். போன இடத்தில் ஆசிரியர்களும் உதவி ஆசிரியர்களுமாக 400 பேரில் அவர் ஒருவர்தான் பெண். ஒளியியல் பரிசோதனையில் மதிப்பெண் ஒரு பிடி குறைந்ததற்கு, பெண்களுக்குச் சோதனைச் சாலை ஒத்துவராது என்பதற்கு இதுவே அத்தாட்சி என்றார் துறைத் தலைவர்.

அந்தச் சோதனைச் சாலைக்கு ஒத்துவராதவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். பிராங்க்ஸில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில், டாக்டர் சாலமன் பெர்ஸனுடன் சேர்ந்து, இன்சுலினில் கதிரியக்க அயோடினைப் பதித்து உடம்பில் செலுத்திப் பார்த்தார். இன்சுலின் போட்டுக்கொண்டு வந்த நோயாளிகளின் ரத்தத்தில் அது சீக்கிரம் மறையவில்லை; தங்கி நின்றது. அவர்கள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அதைப் பிடித்து வைத்திருந்தது. இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் தோன்றாது என்று நிபுணர்கள் 1955-ல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்த பிறகுதான் 1956-ல் அது அச்சேறியது. திருப்பிய கடிதத்தை அம்மாள் தொலைக்கவில்லை. 1977-ல் நோபல் உரையிலேயே அதை எடுத்துக் காட்டினார்!

மறுக்கப்பட்ட அந்த எதிர்ப்பொருளே அளவுகோலாயிற்று. குறியிட்ட இன்சுலினும் ரத்தத்திலுள்ள இன்சுலினும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டி போடும். குறியிட்டது எவ்வளவு ஒதுக்கப்படுகிறதோ, அதைக் கொண்டு மற்றதன் அளவைக் கணக்கிடலாம். அதுவரை கைக்கு அகப்படாத ஹார்மோன்களெல்லாம் இந்தத் தராசில் ஏறின. பிறந்த குழந்தையின் தைராய்டுக் குறையைக் காலத்தோடு கண்டுபிடித்து, அதன் அறிவு மழுங்காமல் காக்க இது உதவியது. இருவரும் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பெர்ஸன் 1972-ல் இறந்துபோனார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார் யாலோ.

அவர் பெண் என்று சலுகை கேட்டவரல்ல, வாஸ்தவம். ஆனால் ஸ்டாக்ஹோம் விருந்திலே அவர் சொன்னது என்ன? மனித குலத்தில் பாதிப் பேரின் திறமையை இழக்க உலகத்துக்குக் கட்டுப்படியாகாது என்றார். திறமை தானே வழி கண்டுகொள்ளும் என்று நம்புகிறவர் இப்படிப் பேசுவாரா?

பெரியவருக்கு நான் சொல்வது இதுதான். உள்ளே வந்த ஒருத்தியைக் காட்டிக் கதவுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதாதீர்கள். அந்தக் கதவைத் திறந்தது திறமையல்ல, யுத்தம். அவருக்கு 5 வருஷம் முன்னால் பிறந்த ஒரு பெண், அதே மூளையோடு, அதே சுருக்கெழுத்துப் புத்தகத்தைக் கிழிக்காமலேயே படித்து முடித்து, யாரோ ஒருவருடைய கட்டுரையை ஆயுள் முழுக்கத் தட்டச்சு செய்திருப்பாள். அவள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'திறமையை யாராலும் தடுக்க முடியாது' என்று நீங்கள் தைரியமாகச் சொல்ல முடிவது, தடுக்கப்பட்டவளின் பெயர் யாருக்கும் தெரியாததால்தான்.

அதனால்தான், ஐயா, நான் கை தட்டவில்லை.