தறியில் இரண்டு பேர், கூலி ஒருவருக்கு!

வேலை இல்லாதவர் என்றால் யார்?

"இது தெரியாதா? வேலை கிடைக்காமல் சும்மா இருப்பவர்தான்" என்பீர்கள்.

அவ்வளவு சுலபம் அல்ல. சர்க்கார் கணக்கு வேறு மாதிரி.

மத்திய சர்க்கார் 2017-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. வீடு வீடாக ஆட்கள் போகிறார்கள். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு எழுதுகிறார்கள். 2023-24-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் உழைக்க வருகிற 100 பேரில் வேலை கிடைக்காதவர் இரண்டரைப் பேர்தான்!

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எப்படி எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓர் ஆண்டில் மொத்தம் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும். அவர் "வேலை உள்ளவர்" ஆகிவிடுவார். வாரக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. அதில் ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும்!

இன்னொரு செய்தி. வீட்டுத் தொழிலில் கூலி வாங்காமல் உதவி செய்பவரும் அந்தக் கணக்கில் "வேலை உள்ளவர்"தான். வேலை உள்ள பெண்கள் என்று எண்ணப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்டவர்கள். வேலை உண்டு, சம்பளம் கிடையாது.

இந்தக் கணக்கோடு தாமல் பக்கம் போய்ப் பார்ப்போம்.

ஏரியும் தறியும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது தாமல். பழைய ஊர். வராகீசுவரர் கோயில் உண்டு. தாமோதரப் பெருமாள் கோயில் உண்டு. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு மூன்று பிழைப்பு. ஒன்று வயல். இன்னொன்று பட்டுத் தறி. மூன்றாவது, பின்னால் வந்தது: கம்பெனி பஸ்.

வயலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. ஏரி நிறைந்தால் நடவும் களையெடுப்பும் உண்டு. நெல் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு அறுவடைக் கூலி சுருங்கிவிட்டது. எல்லா ஊர்க் கதையும் இதுதான்.

தறியின் கதைதான் வேறு.

காஞ்சிபுரம் பட்டு என்றால் உலகத்துக்குத் தெரியும். 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் நெய்துவிட்டுக் காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லக் கூடாது என்பது அதன் பொருள். காஞ்சிபுரம் என்கிறோமே தவிர, பட்டு நெய்வது நகரத்தில் மட்டும் அல்ல. சுற்றியுள்ள கிராமங்களிலும் தறி ஓடுகிறது.

அந்தச் சேலையின் பெருமை எதில் இருக்கிறது? கோர்வையில்!

சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துச் சேர்க்கிறார்கள். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பாட்டிமார் சொல்லுவது இதனால்தான்.

இதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு. ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. நெசவாளி ஒரு பக்கம் உட்காருவார். கரைப் பக்கத்து நாடாவை வாங்கித் தள்ள, கூடவே இன்னொருவர் உட்கார வேண்டும்.

ஒரு சேலை. இரண்டு பேர் உழைப்பு. கூலி?

சேலைக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. அது நெசவாளி பெயரில் வருகிறது. இரண்டாவது ஆளுக்கு என்று தனியாகக் காசு இல்லை.

யார் அந்த இரண்டாவது ஆள்?

ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள். சொல்லவே வேதனையாக இருக்கிறது. தறி முதலாளியிடம் பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியில் உட்கார வேண்டும். கடன் தீரவே தீராது! எட்டு வயது, பத்து வயதுக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமல் நாடா தள்ளினார்கள். 2003-இல் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று பட்டுத் தொழில் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரத்தின் பெயரும் வந்தது. உலகம் முழுவதும் படித்தார்கள்.

1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. 2016-இல் அது இன்னும் இறுகியது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரம் உதவலாம் என்று ஒரு விலக்கு. அதிகாரிகள் வந்தார்கள். தனிப் பள்ளிகள் திறந்தார்கள். பிள்ளைகள் தறியை விட்டு எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

நல்ல காரியம். மிகவும் நல்ல காரியம். இதில் இரண்டு பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் ஒன்றை யாரும் செய்யவில்லை. பிள்ளை எழுந்து போன இடம் காலியாக இருந்ததே, அதில் ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கூலி கொடுக்கிற மாதிரி சேலைக் கூலியை மாற்றி எழுதவில்லை. குழந்தையின் உழைப்பு மலிவு என்று போட்ட பழைய கணக்கே நின்றுவிட்டது.

விளைவு? பல வீடுகளில் அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்தார்.

விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறார். சமைக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். தார் சுற்றுகிறார். பிறகு கணவருக்குப் பக்கத்தில் தறியில் உட்காருகிறார். மத்தியானம் எழுந்து சோறு போட்டுவிட்டு மறுபடியும் உட்காருகிறார்.

கணக்கெடுக்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"என்னம்மா, நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?"

"இல்லைங்க. வீட்டிலேதான் இருக்கேன். அவருக்குத் தறியிலே கூடமாட இருக்கேன்."

கூடமாட! பாதிச் சேலையை நெய்தவர் சொல்லும் சொல் இது.

கணக்குப் போடுங்கள்

பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேலைக்குக் கூலி 6,000 ரூபாய். இரண்டு பேர் 12 நாள் உழைக்கிறார்கள். நாளுக்கு 500 ரூபாய். "பரவாயில்லையே" என்று தோன்றும். இரண்டு பேருக்குப் பிரியுங்கள். ஆளுக்கு 250 ரூபாய்.

2025-26-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி எவ்வளவு தெரியுமா? நாளுக்கு 336 ரூபாய்.

மண் வெட்டுவது மட்டமான வேலை என்று சொல்லவில்லை. வெயிலில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். ஆனால் பட்டு நெசவைக் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கைக்கு இந்தக் கூலியா?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 12 நாளில் சேலை முடிந்தது. அடுத்த நாளே அடுத்த சேலை தொடங்குமா? ஒரு பாவில் சாதாரணமாக மூன்று சேலை வரும். மூன்றும் அறுத்த பிறகு புதுப் பாவு வேண்டும். பட்டு வர வேண்டும். ஜரிகை வர வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். அத்தனை நாளும் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கஞ்சி காயாது. குழித்தறியில் தண்ணீர் ஊறும். கால் வைக்க முடியாது. 2020-இல் கொரோனா வந்தது. கல்யாணங்கள் நின்றன, தறியும் நின்றது. 2025-இல் தங்கமும் வெள்ளியும் எகிறின. ஜரிகை என்பதே வெள்ளியும் தங்கமும்தானே! விலை ஏறினால் முதலாளி கையைச் சுருக்கிக்கொள்கிறார். மூன்று பாவு கொடுக்கும் இடத்தில் இரண்டு கொடுக்கிறார்.

பாவுக்காகக் காத்திருக்கும் அந்த நாட்களில் நெசவாளி வேலை உள்ளவரா, இல்லாதவரா? சர்க்கார் ஏட்டில் வேலை உள்ளவர். வீட்டு அடுப்பைக் கேட்டால் வேறு பதில் வரும்.

நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இல் முடிந்தது. நாடு முழுவதும் நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே என்று அது சொல்லியது. அசாம், மணிப்பூரில் தங்கள் வீட்டு உபயோகத்துக்கு நெய்பவர்களும் இதில் அடக்கம். பட்டு நெய்பவர் நிலை இதைவிடக் கொஞ்சம் மேல்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

1987-88-இல் முதல் கணக்கெடுப்பின்போது நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 67 லட்சம் பேருக்கு மேல். நான்காவது கணக்கெடுப்பில் 35 லட்சம். பாதிப் பேர் போய்விட்டார்கள்! மீதி உள்ள நெசவாளர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள்.

கம்பெனி பஸ்

போனவர்கள் எங்கே போனார்கள்? தாமல் பக்கத்து இளைஞர்களுக்குப் பதில் நெடுஞ்சாலையிலேயே வருகிறது. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும்.

1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் கார் கம்பெனி வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. தறியில் பிறந்த பிள்ளைகள் அங்கே போனார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. குலத்தொழிலை விட்டுவிட்டார்கள்" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பிள்ளைக்கா பொறுமை இல்லை?

கம்பெனி வேலை சொர்க்கம் அல்ல. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். 2014-இல் மூடிவிட்டார்கள். எட்டே வருஷம்! 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கு அடுத்த மாதம் நிச்சயம் இல்லை.

இருந்தும் ஏன் போகிறார்கள்? அங்கே அண்ணன் போனால் அண்ணன் பெயரில் சம்பளம். தங்கை போனால் தங்கை பெயரில் சம்பளம். தங்கையின் வங்கிக் கணக்கில் மாதம் பிறந்ததும் பணம் விழுகிறது. தறியில் அவள் அம்மா இருபது வருஷம் உட்கார்ந்தாளே, அவள் பெயரில் ஒரு ரூபாய் விழுந்தது உண்டா?

பெண் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறாள். தறி வீட்டில் வாழ்க்கைப்படவும் தயங்குகிறாள். இரண்டாவது ஆள் வராத தறி எப்படி ஓடும்?

அன்று ஒன்று, இன்று ஒன்று

1953-இல் கைத்தறித் துணி விற்காமல் மலை மாதிரி குவிந்தது. முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டில்லியிடம் கேட்டார். எதிர்க்கட்சியில் இருந்த அண்ணா, காஞ்சிபுரத்தில் பிறந்தவர், துணியைச் சுமந்து தெருவில் இறங்கி விற்றார். எதிரும் புதிருமாக இருந்தவர்கள் நெசவாளி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். 1985-இல் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி மத்தியச் சட்டமும் வந்தது.

அன்று துணி இருந்தது. வாங்க ஆள் இல்லை. இன்று கல்யாணத்துக்குப் பட்டு வாங்கக் கடையில் கூட்டம் நெரிகிறது. நெய்யத்தான் ஆள் குறைகிறது. ஆகவே தள்ளுபடி மட்டும் போதாது. நெசவாளி வீட்டுக்குச் சர்க்கார் தரும் இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட் ஆனது. நல்லதுதான். அதுவும் போதாது.

சேலைக் கூலியை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். நெசவாளிக்கு இவ்வளவு, கரைப் பக்கத்து ஆளுக்கு இவ்வளவு. இருவர் பெயரும் சங்கத்தின் ஏட்டில் இருக்க வேண்டும். இருவர் வங்கிக் கணக்கிலும் தனித்தனியாகப் பணம் போக வேண்டும். முதலில் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யட்டும். தனி முதலாளிகள் பின்னால் வந்தே ஆக வேண்டும்.

"பழைய கூலியைத்தானே பிரிக்கிறீர்கள்? குடும்பத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரித்து எழுதினால்தான் இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு அற்பமாகக் கொடுக்கிறோம் என்பது வெளியே தெரியும். தெரிந்தால்தான் ஏற்றச் சொல்லிக் கேட்க முடியும். சங்க உறுப்பினர் என்ற உரிமையும், வயதான காலத்துப் பென்ஷனும் அந்த அம்மாளுக்கும் உண்டா என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

"சேலை விலை ஏறிவிடும். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்பவனுக்குக் கொண்டாட்டம்" என்று வியாபாரிகள் சொல்லுகிறார்கள். விலை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஜரிகை விலை ஏறியபோது சேலை விலையை ஏற்றவில்லையா? அப்போது வராத பயம் கூலி என்றதும் ஏன் வருகிறது? போலிச் சேலைக்குச் சட்டம் இருக்கிறது. கடைக்குக் கடை போய்ச் சோதனை செய்ய வேண்டியது அதிகாரிகள் வேலை.

அடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பு வரும்போது படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடட்டும். "தறியில் உடன் உட்காருபவர் பெயர் என்ன? சென்ற மாதம் அவர் கையில் கிடைத்த கூலி எவ்வளவு?" தாமல் பக்கத்தில் முதல் நூறு தறி வீட்டில் இதைக் கேட்டு எழுதினால் போதும். மற்றக் கணக்கை டில்லியில் உள்ளவர்களே போட்டுக்கொள்வார்கள்.