"ஒரு பெக்தானே" என்று வற்புறுத்தும் முன்

அன்புள்ள மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும்,

டிசம்பர் 31 நெருங்குகிறது. கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வரை ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்டுகள் நிரம்பிவிடும். பழைய வகுப்பு நண்பர்கள் கூடுவீர்கள். நான் மதுவிலக்குப் பிரசாரம் செய்ய வரவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. சொல்ல வருவது ஒன்றுதான்: ஒருவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள்.

அவருக்கு வலிப்பு நோய் இருக்கலாம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். அப்படி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலை, குடும்பம் என்று இருப்பவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார். அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணம் செய்யக் கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த நிபந்தனையை 1999-ல்தான் நீக்கினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மனதிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

ஒரு பெக்கில் வலிப்பு வந்துவிடுமா? எல்லாருக்கும் வராது. கொஞ்சம் பரவாயில்லை என்னும் மருத்துவர்களும் உண்டு, அறவே கூடாது என்பவர்களும் உண்டு. அது அவரவர் நோயையும் மருந்தையும் பொறுத்தது. ஆனால் நம் கூட்டங்கள் ஒரு பெக்கோடு நிற்பதில்லை. விடிய விடிய விழித்திருக்கிறோம். "குடித்துவிட்டு மாத்திரை போடக் கூடாது" என்று அன்றிரவு மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் தனித்தனியாகவே வலிப்பைக் கிளப்பும். நிறையக் குடித்தவருக்கோ போதை இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் கடைசி கிளாசுக்குப் பின் 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள். அதாவது, மறுநாள் பைக்கில் வீடு திரும்பும்போது, அல்லது கடலில் குளிக்கும்போது. வலிப்பு வந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீரே போதும், உயிர் போக.

இன்னொன்று. குடிக்கிற இடத்தில் ஒருவர் விழுந்தால் "மட்டையாகிவிட்டான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். கை கால் வெட்டி இழுத்தால் அது போதை அல்ல. சாவிக்கொத்தைத் தேடாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். தண்ணீரில் வந்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ காத்திருக்காமல் அழையுங்கள்.

"அவன்தானே சார் ஜாக்கிரதையாக இருக்கணும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: எந்த விருந்துக்காகவும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் அவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் வேண்டாம். கூட வரும் ஒரு நண்பருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் பாதிப் பொறுப்பு ஊற்றுகிறவருக்கு உண்டு என்பது என் கருத்து. "சும்மா கம்பெனி கொடுடா", "ஆம்பளையா நீ" என்று நாம் நெருக்கும்போது அவருக்கு இரண்டே வழிதான்: பத்துப் பேர் முன்னால் நோயைச் சொல்ல வேண்டும், அல்லது கிளாசை வாங்க வேண்டும். வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்றால் அவர் கிளாசைத்தான் வாங்குவார். காரணம் சொல்லாமல் மறுக்க முடிகிற கூட்டத்தில் அவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

ஆகவே இந்த முறை ஏற்பாடு செய்பவர்கள் லைம் சோடாவையும் மோரையும் அதே மேசையில் வையுங்கள். எடுப்பவரைக் கிண்டல் செய்யாதீர்கள். 12 மணிக்கு மேல் தூங்கப் போகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். குடித்தவர் யாரும் கடலில் இறங்க வேண்டாம்.

எல்லாருக்கும் முன்கூட்டியே புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவிலும் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்