சேறா, சிதைவா?

பழைய இசைக்கருவி பழுதுற்றால் தூக்கியெறிக என்பார் ஒரு சாரார். சுரண்டி மெழுகிப் புதிதாக்குக என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்பவர்போல் தோன்றினும் உண்மையில் உடன்பிறந்தோரே! கருவிக்கு நேர்ந்தது யாதென ஆராயும் பொறுமை இருவர்க்கும் இல்லை.

சீனரின் ஏழு நரம்புக் குச்சினை எடுத்துக்கொள்வோம். மேற்பலகையையும் அடிப்பலகையையும் இணைத்து, மான்கொம்புப் பொடி கலந்த அரக்குப் பூசி அதனைச் செய்வர். நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பூச்சில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். அறியாதவன் அவற்றைக் குறை என்பான். அறிந்தவனோ முதுமையின் முத்திரை எனப் போற்றுவான்.

பெய்ஜிங் அரண்மனையில் நடந்ததென்ன? 1924ஆம் ஆண்டு அங்கிருந்த பொருள்களைக் கணக்கெடுத்தோர் கிடங்கொன்றில் ஒரு குச்சினைக் கண்டனர். ஒழுகிய கூரைநீரால் அதன் மேனியெங்கும் சேறு படிந்து இறுகியிருந்தது. பூச்சே உதிர்ந்துவிட்டதென எண்ணி, உடைந்த கருவியென்று பதிவேட்டில் எழுதிவிட்டனர். ஒரு சொல் எழுதப்பட்டது. ஓர் இசை ஊமையாயிற்று!

1947இல் வாங் ஷிசியாங் என்னும் அறிஞர் அதன் அருமையை உணர்ந்தார். 1949இல் குவான் பிங்ஹு என்னும் இசைவாணர் அதனைச் செப்பனிட முனைந்தார். பல திங்கள் உழைத்து, படிந்த கறையைச் சிறிது சிறிதாகத் தேய்த்து அகற்றினார். உள்ளே பழம்பூச்சு பொலிவுடன் வெளிப்பட்டது! தாங் பேரரசுக் காலத்துக் கருவி அது. அதன் உள்ளறையில் 756ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளும் இருந்தன.

அவசரக்காரர் கையில் அது சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? சேற்றோடு பூச்சையும் சுரண்டிப் பளபளக்கச் செய்திருப்பர். ஆயிரத்து இருநூறு ஆண்டுச் சான்று ஒரே நாளில் குப்பையாகியிருக்கும்.

‘அப்படியாயின் பழுதைத் தொடவே கூடாதா?’ என வினவலாம். தொடத்தான் வேண்டும். ஒட்டு விண்டால் பலகைகளைப் பிரித்து மீண்டும் ஒட்டத்தான் வேண்டும். உதிர்ந்த இடத்தில் அரக்கு நிரப்பத்தான் வேண்டும். ஆனால், கெட்டதைச் சீர்செய்வது வேறு. கெடாததையும் சேர்த்து அழிப்பது வேறு. முன்னது மருத்துவம், பின்னது கொலை.

1977இல் விண்ணேகிய வோயேஜர் கலங்களின் பொன்தட்டில் குவான் பிங்ஹு மீட்டிய குச்சின் இசையும் பதிந்துள்ளது. விண்மீன்களை நோக்கி இசையனுப்பிய அதே விரல்கள்தாம் பல திங்கள் சேறு துடைத்தன. துடைக்கப் பொறுமையற்றோர்க்குத் தீர்ப்பெழுத உரிமை ஏது?