மலை மேல ஏரி ஏதுங்க?

வருசா வருசம் கோடை லீவு முடிஞ்சதும் நம்ம பதிவுகள்ல ஊட்டிப் பயணக் கட்டுரைங்க வரிசையா வந்து விழும். நாலு படம், நடுவுல 'இயற்கை அன்னை விரித்த நீலப் பட்டு'ன்னு ஒரு வரி, கீழே 'கலக்கல் தல'ன்னு இருபது பின்னூட்டம். நானும் போட்டவன்தான். இன்னிக்கு என்னையும் சேர்த்துத்தான் திட்டப் போறேன்.

விஷயம் இதுதான். நாம படம் எடுத்துத் தள்ளுற ஏரிகளை இயற்கை அன்னை விரிக்கலை. ஊட்டி ஏரி, கோவை கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் ஆரம்பிச்சு உருவாக்கினது. பிற்பாடு அதுல ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் வந்துச்சு. பைக்காரா மின்சாரத்துக்கான தண்ணி. அங்க மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1932-ல். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி மூணும் கனடா உதவியோட வந்த குந்தா மின் திட்டத்து நீர்த்தேக்கங்கள். 'அப்ப கொடைக்கானல்?'னு கேப்பீங்க. அதுவும் 1863-ல் லெவிஞ்ச்ங்கற கலெக்டர் கட்டினதுதான்.

எனக்கு இது உறைச்சது ஒரு மே மாசம், அவலாஞ்சில. கரையைச் சுத்தி ஆள் உயரத்துக்கு மேல செம்மண் பட்டை, மொட்டையா. "என்னண்ணே, ஏரி வத்திப் போச்சா?"ன்னேன். ஜீப் ஓட்டினவர் சிரிச்சுட்டாரு. "வத்தலை சார், கரண்டுக்கு எறக்கிட்டாங்க."

அணையே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. இந்தப் பதிவைத் தட்டறதும் கரண்டுலதான். குந்தாத் தண்ணி பில்லூருக்கு இறங்கித்தான் கோயம்புத்தூர்ல குழாய்ல வருது. என் சண்டை வேற.

நீலகிரியோட நிஜமான ஏரி நம்ம கண்ணுக்கே படறதில்லை. மேட்டுல புல்வெளி, மடிப்புல சோலைக்காடு, பள்ளத்துல சதுப்பு. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அந்தக் கறுப்பு மண்ணு பஞ்சு மாதிரி குடிச்சு வெச்சுக்கும். அப்புறம் மாசக்கணக்கா ஓடையில கசிய விடும். அந்தக் கசிவு இருக்கறதாலதான் கோடையிலயும் அணைக்கு ஏதோ தண்ணி வருது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. அப்படிப்பட்ட மழையை சிமெண்ட் சுவர் மட்டுமா தாங்கும்?

ஆனா புல்வெளியைப் பார்த்து யாரும் 'வாவ்' சொல்றதில்லை. 'வெறும் புல்லு'. வெள்ளைக்காரனும் அதைத் தரிசுன்னுதான் நினைச்சான்; சீகை மரம், யூகலிப்டஸ், பைன்னு நட்டுத் தள்ளினான். சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம அரசாங்கமும் அதையே பண்ணுச்சு. சீகை நிழல்ல புல்லு சாகும், புல்லு போனா வரையாடு போகும், குறிஞ்சி போகும், கசிவும் குறையும். நம்ம ஏரிப் படங்கள்ல பின்னாடி கரும்பச்சையா 'ஆஹா'ன்னு நிக்குது பாருங்க, பாதி இடத்துல அந்த வந்தேறி மரங்கதான்!

இன்னொண்ணு. போர்த்திமந்துன்னு ஒரு நீர்த்தேக்கம் இருக்கு. மந்துன்னா தோடர் குடியிருப்பு. அந்தப் புல்வெளி எருமை மேஞ்ச இடம், சாமி இடம். பேரு மட்டும் அணைக்கு வந்துடுச்சு. நம்ம கட்டுரைல தோடர்னா ஒரு சால்வை, ஒரு போட்டோ, அவ்ளோதான்.

'அழகா இருந்தா ரசிக்கக் கூடாதா?'ன்னு சண்டைக்கு வருவீங்க. ரசிங்க. ஆனா எதை அழகுங்கறோமோ அதுக்குத்தான் காப்பாத்த ஆள் கிடைக்கும். எதை வெறும் புல்லுங்கறோமோ அதுல கட்டடம் முளைக்கும். 2024 மே-ல கோர்ட் சொல்லி இ-பாஸ் கொண்டுவந்தாங்க. அது வண்டியை எண்ணும், நம்ம பார்வையை மாத்துமா?

அதனால மக்களே, அடுத்த தடவை போனா ஏரிக்கு முதுகைக் காட்டி நின்னு மேட்டைப் பாருங்க. அங்க புல்லு இருந்தா அதைப் படம் எடுத்துப் போடுங்க. சீகை இருந்தா சீகைன்னே எழுதுங்க. முக்கியமா, அணையை அணைன்னு எழுதுங்க.

பி.கு: என்னோட பழைய ஊட்டிப் பதிவைத் தோண்டி எடுத்து லிங்க் குடுக்க நினைக்கறவங்களுக்கு: அதுல 'நீலப் பட்டு' மூணு தடவை வருது. நானே எண்ணிட்டேன் :-)