அட்டைப்பெட்டியும் அரிச்சுவடியும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. உப்பளங்களின் நடுவே வாழும் நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பண்டத்துக்கு உப்பு எப்படியோ, அப்படியே குழந்தையின் பாடத்துக்கு அது கண்டும் தொட்டும் பழகிய பொருள்கள். ஆகவே, எழுத்துக் கற்கும் குழந்தைக்கு மின்னட்டைகளைக் கடையில் வாங்கிக் கொடுப்பதைவிட வீட்டிலேயே செய்து கொடுப்பது சிறந்தது என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கருதுகிறோம்.

மின்னட்டை என்பது பெரிய பொருள் அன்று. உள்ளங்கை அளவு அட்டை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் அதன் பெயர். கடையில் 'ஃப்ளாஷ் கார்டு' என்று கேட்டால் பளபளப்பான பெட்டியில் தருவார்கள். திறந்து பார்த்தால் ஆப்பிள் இருக்கும். இக்லூ என்னும் பனிவீடு இருக்கும். யாக் என்னும் மலை எருமையும் இருக்கும். நம் கடற்கரைக் குழந்தை பனிவீட்டை எங்கே கண்டது? அதற்கு முதலில் பொருளைச் சொல்லி, பிறகு பெயரைச் சொல்லி, அதன் பின்னரே எழுத்துக்கு வர வேண்டும். நண்டு, வலை, படகு, பனை, கொக்கு, கூடை, பாத்தி, உப்பு ஆகியவற்றுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. பொருளும் தெரியும், பெயரும் தெரியும். எழுத்து ஒன்றே புதிது.

"குழந்தை வெளியுலகை அறிய வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அறியத்தான் வேண்டும். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை எந்த நாட்டைப் பற்றியும் தானே படித்துக்கொள்ளும். வாசற்படியைத் தாண்டிய பிறகுதானே வீதி?

இதில் நாம் இவ்வளவு அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. மழை ஓய்ந்தபின் தொடங்கும் உப்பு வேலை அடுத்த மழை வரும்வரை நடக்கிறது. வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்பதால் பொழுது விடியுமுன்பே உப்பளத்துக்குப் போகும் பெற்றோர் பலர். குழந்தையைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புபவர் பாட்டியாகவோ அக்காவாகவோ இருப்பார். மாலையில் களைத்து வரும் தாய்க்குப் பாடம் சொல்லித்தர ஆசை இருக்கும், எழுத்து தெரியாது. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் வெறும் ஓசையே. அது பின்தங்கும், வெட்கப்படும், ஒருநாள் பள்ளியை விட்டு நின்றுவிடும். நின்ற பிள்ளை எந்த வேலைக்குப் போகும் என்பதை நம் ஊர் அறியும்.

இந்த இடத்தில்தான் சின்னஞ்சிறு அட்டை பெரிய உதவி செய்கிறது. எழுத்தறியாத தாயும் படத்தைப் பார்க்க முடியும் அல்லவா? குழந்தைக்கு எழுத்துப் பக்கத்தைக் காட்டுகிறார். படம் தாயின் பக்கம் இருக்கிறது. குழந்தை 'நண்டு' என்று படித்தால் சரியா, தவறா என்று அவரே சொல்லிவிடுவார். நாளடைவில் அந்த எழுத்து தாய்க்கும் பழகிவிடும்.

அட்டையின் அருமையை அரசும் உணர்ந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, சில ஆண்டுகளில் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுசெய்ய வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்த ஊர், நமது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பம். கல்வி வீட்டு வாசலுக்கு வரவேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று.

செய்முறையும் எளிது. நாட்காட்டி அட்டை, பழைய நோட்டு அட்டை, ஒரு பக்கம் வெறுமையான திருமணப் பத்திரிகை ஆகியவை போதும். 247 எழுத்துக்கும் 247 அட்டை வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். க முதல் ன வரை 18 அட்டை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்று 4 சிறு அட்டை. இந்த 22 அட்டைகளைச் சேர்த்தும் பிரித்தும் 126 உயிர்மெய் எழுத்துகளை அமைக்கலாம். 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை போன்றவையும் இந்த ஒழுங்கில் அடங்கிவிட்டன. கி, கு போன்று உருமாறும் எழுத்துகளுக்கு மட்டும் தனி அட்டை செய்தால் போதும்.

1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், எழுத்தைக் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பழகச் செய்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது உப்புத்தாள். நம்மிடம் உப்பே இருக்கிறது! அட்டையில் பசையால் எழுத்தை எழுதி, அதன்மேல் மணலையோ கல்லுப்பையோ தூவி உலரவிட்டால் தடவும் எழுத்து தயார். கடற்காற்றில் அட்டை நமுத்துவிடும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைப்பது நல்லது.

பயன்படுத்துவதிலும் ஒரு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து அட்டை, பத்து நிமிடம் போதும். அட்டையைக் காட்டியவுடன் நாமே விடையைச் சொல்லிவிடாமல், குழந்தை எண்ணிச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் எழுதிய நூலில் ஒரு வழி சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். சில நாள் கழித்தே திரும்ப வரும். தவறியது முதல் அறைக்கே வந்து நாளையே மீண்டும் எடுக்கப்படும். மூன்று தீப்பெட்டிப் பண்டல் அட்டைப்பெட்டிகள் இருந்தால் நம் வீட்டிலும் இது நடக்கும். ஆனால் தவறிய அட்டைக்காகக் குட்டுவதும் திட்டுவதும் கூடாது. விளையாட்டாக இருக்கும்வரைதான் குழந்தை பெட்டியைத் தேடி வரும்.

இதையும் அக்காமாரின் தலையில் மட்டும் சுமத்திவிடக் கூடாது என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அண்ணன்மாருக்கும் கைகள் உண்டு, அப்பாவுக்கும் உண்டு. பாத்திகளில் வேலை இல்லாத மழைக்காலம் அட்டை செய்ய ஏற்ற காலம். கையில் காசு குறையும் காலமும் அதுவே. காசில்லாமல் ஆகும் வேலை இது.

அருட்சகோதரியர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு இறுதியில் வீணாகும் நோட்டு அட்டைகளைச் சேர்க்கப் பள்ளியில் ஒரு பெட்டி வைக்க வேண்டுகிறோம். அன்புத் தோழியரே! நம்மில் ஒவ்வொருவரும் இருபது அட்டை செய்து, நம் தெருவில் உப்பளத்துக்குச் செல்லும் ஒரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்போம். கொடுத்ததோடு நில்லாமல், மாலையில் பத்து நிமிடம் அதன் அருகில் அமர்வோம்.