கணக்குல வராத 263 பேர்

எங்க ஊர்ல பட்டாளத்துல இருந்து வந்தவங்ககிட்ட ஜனங்க கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இந்த மாசம் கோட்டா இருக்கா?" மிலிட்டரி கேன்டீன்ல கிடைக்கிற ரம்மைக் கேக்குறாங்க. கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னா மூணு நாள் முன்னாடியே பெரிய மனுஷங்ககூட அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. பதினேழு வருஷம் துப்பாக்கி பிடிச்சுட்டு வந்த ஆள்கிட்ட நமக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது அந்த ஒரு பாட்டில்தான். நானும் கேட்டிருக்கேன். அதனால இதை யாரையும் குத்திக்காட்ட எழுதலை. எனக்கே சொல்லிக்கிற மாதிரிதான் எழுதுறேன்.

எங்க வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போறது புதுசு இல்லை. கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துல இருப்பாங்கன்னு பேர் வாங்குன ஊர். அந்த அளவுக்கு இல்லாட்டியும், சுத்துவட்டாரத்துல எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேராவது இருப்பாங்க. மானாவாரி பூமி. மழை பேஞ்சா மல்லாட்டை, பேயலைன்னா ஒண்ணும் இல்லை. ரெண்டு ஏக்கர்ல நாலு பசங்க இருந்தா ஒருத்தன் பட்டாளத்துக்குப் போவான். தேசபக்தி இல்லைன்னு சொல்லலை. சோறும் ஒரு காரணம்.

போன மாசம் மோட்டார் காயில் கட்டக் குடுத்துட்டு, வேலூர் லாங் பஜார்ல சும்மா நின்னுகிட்டு இருந்தேன். அங்க மணிக்கூண்டுல ஒரு கல் பதிச்சிருக்கு. இத்தனை வருஷமா அந்த வழியா மூட்டை தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன், ஒரு நாளும் நின்னு படிச்சதில்லை. இங்கிலீஷ்ல இருக்கு. பக்கத்துக் கடைத் தம்பி படிச்சுச் சொன்னான். முதல் உலக யுத்தத்துக்கு வேலூர்ல இருந்து 277 பேர் போனாங்களாம். அதுல 14 பேர் உயிரைக் குடுத்தாங்களாம். அவ்வளவுதான் கல்லு.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். கழித்தல் கணக்கு வரும். 277-ல 14 போனா 263. அந்த 263 பேர் திரும்பி வந்திருக்காங்க. கப்பல்ல போயி, பேர் தெரியாத தேசத்துல, வெள்ளைக்காரன் சண்டையைப் போட்டுட்டு வந்து, மறுபடியும் இந்த வெயில்ல ஏர் ஓட்டியிருப்பாங்க. அவங்களைப் பத்தி அந்தக் கல்லுல ஒரு எழுத்து இல்லை. செத்த 14 பேருக்கும் எண்ணிக்கைதான் இருக்கு, பேர் இல்லை.

திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூர்ல ஒரு நடுகல் கிடைச்சது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, 1,400 வருஷத்துக்கு முந்தினது. ஒரு வீரனுக்கு நட்ட கல்லு அது. அவன்கூட இருந்து ரெண்டு திருடனைக் கடிச்ச நாயையும் அதுல செதுக்கி, அந்த நாயோட பேரையும் எழுதி வச்சிருக்காங்க. கோவிவன். நாய் பேரைக்கூட மறக்காம எழுதின பூமியில, 277 மனுஷனைப் பேர் இல்லாம வச்சிருக்கோம். வெள்ளைக்காரன் செஞ்சதுன்னு தள்ளிவிடலாம். அவன் போயி எத்தனை வருஷம் ஆச்சு?

இப்போ என் விஷயத்துக்கு வர்றேன். சண்டையில செத்தவங்களுக்கு நாம மாலை போடுறோம். போடணும். டெல்லியில 2019-ல திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்துல 25,000-க்கும் மேல பேர் செதுக்கியிருக்காங்க. நல்ல காரியம். ஆனா திரும்பி வந்தவன் அதுக்கப்புறம் நாப்பது, அம்பது வருஷம் வாழணுமே, அந்த வாழ்க்கைக்கும் தைரியம் வேணும். அதை நாம கணக்குல எடுக்கிறதே இல்லை.

என் பெரியப்பா 1971 சண்டையில மேற்கு எல்லையில இருந்தவர். அந்தச் சண்டை டிசம்பர் 3-ல ஆரம்பிச்சு 16-ஆம் தேதி டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சதோட முடிஞ்சுது. மொத்தம் 13 நாள். பெரியப்பா திரும்பி வந்தப்போ மேளம் வச்சு ஊருக்குள்ள கூட்டிவந்தாங்களாம். ஆகஸ்ட் 15-க்கு ஸ்கூல்ல மெடல் குத்திக்கிட்டு வந்து நிப்பார். நாங்க பசங்க அந்த மெடலைத் தொட்டுப் பார்க்க அடிச்சுக்குவோம்.

ஆனா நான் கண்ணால பார்த்த அவரோட வீரம் வேற. பட்டாளத்தாருக்குன்னு சர்க்கார் மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர் குடுத்துச்சு. நிலம்னு பேரு, முழுக்கக் கல்லு. அதுல அவர் கிணறு வெட்டினார். ஏழு வருஷம். கூலிக்கு ஆள் வைக்கக் காசு இருந்தா ஆள் வப்பார், இல்லாட்டி அவரும் பெரியம்மாவும் மட்டும். இவர் உள்ள இறங்கி உடைப்பார், பெரியம்மா மேல இருந்து கூடையை இழுக்கும். ரெண்டு தடவை மண் சரிஞ்சு மூடிருச்சு. மறுபடியும் வெட்டினார். அம்பது அடியில தண்ணி வந்தன்னிக்கு மேளம் இல்லை. நான் போயி ஒரு சொம்பு மொண்டு குடிச்சேன், அதுதான் மரியாதை. சண்டை 13 நாள், கிணறு ஏழு வருஷம். எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொருத்தர் கதை இவ்வளவு சுலபம் இல்லை. என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவன். 1986-ல பதினெட்டு வயசுல சேர்ந்தான். வெலிங்டன்ல டிரெயினிங். அமைதிப்படைன்னு பேர் வச்சு 1987-ல இலங்கைக்கு அனுப்பினாங்களே, அதுல அவனோட பட்டாலியனும் போச்சு. அந்த ரெண்டரை வருஷத்துல இந்தியச் சிப்பாய்கள் 1,100 பேருக்கு மேல செத்தாங்க. 1990 மார்ச்ல மிச்சப் படை மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினப்போ, அன்னிக்கு இருந்த முதலமைச்சர் வரவேற்கப் போகலை. அந்த அரசியலுக்குள்ள நான் போகலை. அங்க நம்ம ஜனங்க பட்டது பெரிய துயரம். அதை மறைச்சுட்டு யாருக்கும் மாலை போடுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா பதினெட்டு வயசுல சோத்துக்குப் போன பையன்கிட்ட கேட்டா சண்டையை முடிவு பண்ணினாங்க? அந்த 277 பேர்கிட்டயும் யாரும் கேக்கலை. என் பெரியப்பாகிட்டயும் கேக்கலை. பெரியப்பா போன சண்டைக்கு ஊரு கைதட்டுச்சு. இவன் போன சண்டைக்கு ஊரு வாயை மூடிக்கிச்சு. லீவுல வந்தவனை டீக்கடையில ஒருத்தன், "இன்னாடா, தமிழனையே சுட்டுட்டு வந்தியா?"ன்னு கேட்டுட்டான். அன்னிக்கு டீயை வச்சுட்டு எழுந்து போனவன்தான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நாங்களும் எடுக்கலை.

முப்பது வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி எங்கிட்ட சொன்னான். அப்போ எங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் மூணு பேஸ் கரண்டு வரும். ரெண்டு பேர் கொல்லையும் பக்கத்துப் பக்கத்துல. மோட்டார் கொட்டாய்ல உட்கார்ந்திருந்தோம். திடீர்னு சொன்னான், "அங்க வடக்கத்திக்காரங்களுக்கு எல்லாம் வெறும் சத்தம்தான்டா கேக்கும். எனக்கு மட்டும் வார்த்தை கேக்கும்." வீட்டுக்குள்ள பொம்பளைங்க அழுதா என்ன சொல்லி அழுறாங்கன்னு இவனுக்குப் புரியும். ஆபீசர் கூப்பிட்டு, என்ன சொல்றாங்கன்னு கேப்பாராம். இவன் மொழிபெயர்த்துச் சொல்லணும். அவ்வளவுதான் சொன்னான். மடை மாத்த எழுந்து போயிட்டான். நான் மேல எதுவும் கேக்கலை. கேட்டிருக்கணுமோன்னு இன்னிக்கும் தோணுது.

அவன் 17 வருஷம் சர்வீஸ் முடிச்சு முப்பத்தஞ்சு வயசுல வெளிய வந்தான். பட்டணத்துல பலருக்கு இது தெரியாது. சிப்பாய்க்கு அறுபது வயசு ரிட்டயர்மென்ட் கிடையாது. அவன் சேர்ந்த காலத்துல 15 வருஷம் முடிச்சா பென்ஷன், நாப்பதுக்குள்ள வீட்டுக்கு. பிள்ளைங்க அப்பதான் அஞ்சாவது, ஆறாவது படிக்கும். அதுக்கப்புறம் பேங்க் வாசல்ல ரெட்டைக்குழல் துப்பாக்கியோட பன்னிரண்டு வருஷம் நின்னான். முட்டி போச்சு. இடது காது முன்னாடியே போச்சு. இப்போ ஒரு ஏக்கர் மல்லாட்டை, ரெண்டு மாடு.

"பென்ஷன் வாங்குறான், கேன்டீன் இருக்கு, ஆஸ்பத்திரி இலவசம், அவனுக்கென்ன குறை?"ன்னு ஊர்ல கேப்பாங்க. நியாயமான கேள்விதான். கூலி வேலை செய்யிறவங்களைவிட அவங்க நிலைமை பரவாயில்லை. அதோட எல்லாரும் உத்தமரும் இல்லை. குடிச்சுட்டு, செய்யாத சண்டையை எல்லாம் செஞ்ச மாதிரி அளக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா பென்ஷன்கிறது அவங்க உழைச்ச கூலி. கூலி குடுத்தாச்சுன்னா மனுஷனை விசாரிக்க வேண்டாம்னு அர்த்தமா?

அந்தக் கூலியும் சும்மா வந்துடுறதில்லை. வருஷம் ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு சான்று குடுக்கணும். பெரும்பாலானவங்களுக்கு நவம்பர்லதான். ஒரு வருஷம் நான்தான் அவனை வண்டியில கூட்டிட்டுப் போனேன். ரேகை வைக்கிற மெஷின் அவன் விரலை எடுக்கலை. மண்வெட்டி பிடிச்சு, கடலைச்செடி பிடுங்கித் தேஞ்ச விரல். நாலு தடவை வச்சான், நாலு தடவையும் தப்புன்னு வந்துச்சு. அங்க இருந்த பொண்ணு, "நாளைக்கு வாங்க"ன்னுச்சு. வர்ற வழியில சிரிச்சுக்கிட்டே சொன்னான், "செத்திருந்தா கல்லுல சேர்த்திருப்பாங்கடா." எனக்குச் சிரிப்பு வரலை.

பெரியப்பா போனப்புறம் பெரியம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர பதினாலு மாசம் ஆச்சு. பட்டாளத்து ரெக்கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. 'அம்மாள்'னு ஒண்ணுல இருக்கு, 'அம்மா'ன்னு ஒண்ணுல இருக்கு. அம்பது அடி கிணத்துல கூடை இழுத்த பொம்பளை, ஒரு எழுத்துக்காகப் பதினாலு மாசம் நடந்துச்சு.

இதைப் படிக்கிற நீங்க பெரும்பாலும் சென்னை, பெங்களூர்ல இருக்கீங்க. உங்க ஊர்லயும் சொந்தத்துலயும் இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். இந்தத் தடவை ஊருக்குப் போறப்போ அவரோட பென்ஷன் ஆர்டரை எடுத்துப் பாருங்க. மனைவி பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அவர் உயிரோட இருக்கும்போதே மாத்த எழுதிக் குடுங்க. மாவட்டத்துல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, அங்க வழி கேக்கலாம். உயிர்ச் சான்றை இப்போ போன்ல முகத்தைக் காட்டியே குடுக்கலாம். உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை, அவருக்கு ரெண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

உங்க அபார்ட்மென்ட் கேட்லயோ ஏடிஎம் வாசல்லயோ நரைச்ச மீசையோட விறைப்பா ஒருத்தர் நிப்பார். ஒரு தடவை, "எந்த ரெஜிமென்ட்ங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. டிசம்பர் 7 கொடி நாள் வர்றப்போ உண்டியல்ல காசு போடுங்க, அதோட அவர்கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னு பேசுங்க.

நான் என் பங்குக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கியிருக்கேன். எங்க ஊர்ல இருந்து போனவங்க பேரு, எந்த வருஷம் சேர்ந்தாங்க, எங்க இருந்தாங்க, திரும்பி வந்து என்ன செஞ்சாங்க, எல்லாம் எழுதுறேன். இதுவரைக்கும் 11 பேர் ஆச்சு. ரெண்டு பேர் விதவைங்க சொல்லித்தான் எழுதினேன். பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல இந்தப் பேரை எல்லாம் எழுதணும்னு தலைவர்கிட்ட கேட்டிருக்கேன். பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். செத்தவங்க, திரும்பி வந்தவங்க ரெண்டு பேரும் அதுல இருக்கணும். என் சேக்காளி பேருக்கு எதிர்ல மட்டும் சேர்ந்த வருஷத்தோட நிறுத்தி வச்சிருக்கேன். இந்த வாரம் ரெண்டு பேரும் தண்ணி கட்டணும். மிச்சத்தை அவன்கிட்டயே கேட்டு எழுதணும்.