வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: கெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு மட்டும் கணக்கு ஏன் இடிக்கிறது?

ஒரே ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கேயே டிகிரி வாங்க முடியுமா? முடியும். பொருளாதாரமோ இலக்கியமோ படிப்பவருக்கு இது ஓரளவு சுலபம். வேதியியல் மாணவர் இதே கேள்வியோடு எச்.ஓ.டி. அறைக்குப் போனால், முதலில் வரும் பதில் கேள்விதான்: "அப்போ லேப் என்னாகும்?"

விதி என்ன சொல்கிறது?

விதி தடையாக இல்லை. யுஜிசி 2022-ல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, 'ட்வின்னிங்' முறையில் மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் எடுக்கலாம். பட்டம் இந்தியப் பல்கலைக்கழகத்துடையது. நாக் மதிப்பெண் 3.01 அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 இடம் போன்ற தகுதிகள் வேண்டும்.

யுஜிசி வகுத்த மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு 120 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 20. ஐரோப்பாவில் அதே மூன்றாண்டுக்கு 180, செமஸ்டருக்கு 30. அங்கே எடுத்த 30-ஐ அப்படியே இங்கே 30 என்று நினைத்துவிடக் கூடாது. 20 என்று கணக்குப் போடுவதே நியாயம்.

லேப்தான் சிக்கல்

ஒரு தியரி பேப்பருக்கு ஈடாக இன்னொரு தியரி பேப்பரைக் காட்டிவிடலாம். பிராக்டிகலில் அது நடக்காது. இங்கே அந்த செமஸ்டரில் சால்ட் அனாலிசிஸ் இருக்கிறது. அங்கே நீங்கள் செய்தது ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. இரண்டும் லேப்தான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா? 'ஆகாது' என்று முடிவானால் மார்க் ஷீட்டில் அது அரியர். இணைப்புக் கல்லூரி என்றால் இன்னும் கஷ்டம். பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால், துறைத்தலைவர் மனசு வைத்தாலும் போதாது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு.

அந்தப் பக்கமும் லேப் இடம் எண்ணிக்கைதான். ஆளுக்கு ஒரு மேசை, ஒரு ஃபியூம் ஹூட். பாதுகாப்பு வகுப்பில் உட்காராமல் உள்ளே விட மாட்டார்கள். ஜெர்மனியில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். லெக்சரை ஸ்லைடு பார்த்துச் சமாளிக்கலாம். ஆசிட் பாட்டிலோடு நிற்கும்போது சொல்லும் எச்சரிக்கையைச் சமாளிக்க முடியாது. முதுநிலையில் ஆங்கில வழிப் படிப்புகள் அதிகம் என்பதால் எம்.எஸ்சி.யில் போவது நல்லது.

ஒரு செமஸ்டர் போனால் இரண்டு அடிபடுமா?

அதிகம் பேர் கவனிக்காத விஷயம் இது. தமிழ்நாட்டில் பொதுவாக ஜூன்–நவம்பர் ஒரு செமஸ்டர், டிசம்பர்–ஏப்ரல் இன்னொன்று. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. வகுப்புகள் பிப்ரவரி வரை, அதன் பிறகும் தேர்வுகள். அதாவது இங்கே நவம்பர் தேர்வும் போச்சு, அடுத்த செமஸ்டரின் தொடக்கமும் போச்சு. ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால செமஸ்டரில் இழப்பு குறைவு: ஏப்ரல் தேர்வை முடித்துக் கிளம்ப வழி கிடைத்தால், ஜூன், ஜூலை வகுப்புகள்தான் போகும்.

ஆஸ்திரேலியாவில் ஜூலை–நவம்பர் செமஸ்டர் நம் காலண்டரோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அங்கே மாணவர் விசா கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர்.

சரி, எவ்வளவு செலவாகும்?

ஜெர்மனி விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் முடக்கப்பட்ட கணக்கில் பணம் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 6 லட்சம். இது கட்டணம் இல்லை, நீங்கள் சாப்பிடவும் தங்கவும் உள்ள உங்கள் பணம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் வாங்குவதில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்பே 6 லட்சத்தைப் புரட்டுவதுதான் பல வீடுகளில் நடக்காத காரியம்.

எதற்கு முதலில் கையெழுத்து வாங்க வேண்டும்?

விசாவுக்கு முன்னால் பாட ஒப்பந்தம். எந்த லேபுக்கு எது ஈடு என்று பேப்பர் வாரியாக எழுதி, இரண்டு துறைகளும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். "போய்ட்டு வா, பார்த்துக்கலாம்" என்ற வாய்மொழி உறுதி, திரும்பி வரும்போது துறைத்தலைவர் மாறியிருந்தால் செல்லாது. அங்கே செய்த ரெக்கார்டு நோட்டையும் பத்திரமாகக் கொண்டு வாருங்கள். ஈடு கேட்கும்போது காட்ட அதுதான் ஆதாரம்.

லேப் கணக்கே வேண்டாம் என்பவர்கள், ஜெர்மனியின் டாட் அமைப்பு நடத்திவந்த 'வைஸ்' போன்ற கோடைக்கால ஆய்வுப் பயிற்சி கிடைக்கிறதா என்று பார்க்கலாம். 'வைஸ்' திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் உதவித்தொகையோடு அங்குள்ள ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். கிரெடிட் மாற்றும் தலைவலி இதில் கிடையாது.